ஸ்டோன்வேருக்கு முக்காலி வைக்கிறேன் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

போன தீபாவளிக்கு என் கையால் செய்த 40 விளக்குகளில் ஏற்றுகிற நிலையில் வீடு திரும்பியவை ஏழுதான். மீதி 33-ம் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கூடையில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை.

சிங்கப்பூரில், எங்கள் சமூக மன்றத்தில் இரண்டு வருடமாக மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். அங்கே சூளை கிடையாது. செய்ததை வெளியே கொடுத்துத்தான் சுட வேண்டும். தேக்காவில் வாங்கும் அகல் விளக்குகள் எண்ணெயைக் குடித்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கசியவிடும். மறுநாள் காலையில் வாசலில் வட்ட வட்டமாகக் கறை. அதைத் தேய்த்துக் கழுவுவது ஒவ்வொரு வருடமும் என் மாமியார்தான். "ஒழுகாத விளக்கா ஒண்ணு செய்யேன், அதுக்குத்தானே வகுப்புக்குப் போற" என்றார். சரி, ஸ்டோன்வேர் என்கிற, அதிகச் சூட்டில் சுடும் மண்ணில் செய்து, அடிப்பாகம் உட்பட முழுக்கக் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசிவிடலாம் என்று நினைத்தேன்.

இந்த இடத்திலேயே விஷயம் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு அப்போது தெரியாது. ஆனால் சூளை வைத்துத் தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

தொழிற்பேட்டை ஒன்றில் சூளை வைத்திருக்கும் அவர் நன்றாகத் தமிழ் பேசுவார். "தாராளமா அடியிலயும் பூசுங்க அக்கா, முக்காலி மேல வச்சுச் சுட்டுத் தர்றேன்" என்றார். முக்காலி என்றால் மூன்று கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தாங்கி. ஸ்டில்ட் என்று சொல்வார்கள். கிளேஸ் சூட்டில் உருகிக் கண்ணாடியாகிறது. பாத்திரத்தின் அடியிலும் அது இருந்தால் சூளைக்குள் இருக்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் முனைகளின் மேல் தூக்கி வைக்கிறார்கள். கைப்பேசியில் அழகான படமும் காட்டினார். சீனாவில் சுங் வம்சக் காலத்திலேயே இப்படித்தான் செய்தார்கள் என்று சரித்திரம் வேறு. சுடுவதற்கு ஒன்றுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முக்காலிக்கு ஒன்றரை வெள்ளி. 220 வெள்ளியை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் போனேன். விளக்குகள் தேங்காய்ச் சில் மாதிரி கோணிக்கொண்டு கிடந்தன. மூன்று விளக்குகள் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே விளக்காகியிருந்தன. பலவற்றின் அடியில் கம்பி முனை உள்ளே புதைந்து முறிந்து நின்றது. தடவிப் பார்த்தேன், கட்டைவிரல் கிழிந்தது. கிளேஸ் உடைந்த இடம் பிளேடுக்குச் சமம். என் கிளேஸ்தான் சரியில்லை என்றார் சூளைக்காரர். அது வழிந்து அவருடைய தட்டு பாழாகிவிட்டதாம், அதற்கு 80 வெள்ளி வேண்டுமாம்!

என்ன நடந்தது என்பதை வகுப்பு ஆசிரியைதான் அப்புறம் விளக்கினார். சூளைக்காரர் காட்டிய படத்திலிருந்தவை எர்த்தன்வேர். அது பொதுவாக 1000 முதல் 1100 டிகிரி செல்சியஸுக்குள் சுடுவது. அந்தச் சூட்டில் மண் இளகாது, முக்காலியின் மேல் விறைப்பாக நிற்கும். சுட்ட பிறகும் நுண்துளைகள் இருக்கும் என்பதால் அதற்கு அடியிலும் கிளேஸ் போடுவதில் அர்த்தம் உண்டு. என்னுடையது கோன் 6 (கோன் என்பது சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவு), அதாவது சுமார் 1220 டிகிரி. அந்தச் சூட்டில் ஸ்டோன்வேர் மண்ணே கொஞ்சம் இளகும். தட்டில் அடி முழுக்கப் படிந்து உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. மூன்று முனையில் நிறுத்தினால் தன் பாரத்திலேயே தொய்ந்து கம்பியில் இறங்கிவிடும். கம்பியும் வளையும்.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று. ஸ்டோன்வேர் அந்தச் சூட்டில் இறுகிக் கெட்டிப்பட்டுவிடுவதால் அடியில் கிளேஸ் தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றுக்காகத்தான் 60 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

சுங் கதை முழுப் பொய்யும் அல்ல. ரூ என்கிற அந்தக் காலத்துச் சீனப் பாண்டங்களின் அடியில், தாங்கி முனைகள் பதிந்த எள் அளவுத் தடங்கள் உண்டு. ஆனால் அந்த முனைகள் அதற்கென்றே சூடு தாங்கும் மண்ணில் செய்தவை, கைதேர்ந்தவர்கள் செய்த வேலை. கடையில் வாங்கிய கம்பி முக்காலி அல்ல. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில், இந்தோனீசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனச் சாங்ஷா கிண்ணங்கள் இருக்கின்றன. அடுத்த முறை போனால் அடியைப் பாருங்கள். கிளேஸ் இல்லாமல் வெறும் மண்ணாக இருக்கும். (மணிகள், பதக்கங்கள் மாதிரிச் சின்னச் சாமான்களைக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்டோன்வேர் சூட்டில் சுடுகிறார்கள். அவற்றுக்குப் பாரம் கிடையாது.)

சுடக் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் கேளுங்கள்: எந்தக் கோன் வரை சுடுவீர்கள், தட்டில் அலுமினாவும் கயோலினும் கலந்த பூச்சு இருக்கிறதா, வழியக்கூடிய கிளேஸ் என்றால் அடியில் மண் வில்லை வைப்பீர்களா? உங்கள் பக்கத்து வேலையும் உண்டு. கிளேஸில் முக்குவதற்கு முன் அடியில் மெழுகு தடவுங்கள், ஒட்டியதைப் பஞ்சால் துடையுங்கள், அடியிலிருந்து மூன்று மில்லிமீட்டராவது மேலே வரை வெறுமையாக விடுங்கள். புதிய கிளேஸ் என்றால் முதலில் ஒரே ஒரு சாமானைக் கொடுத்துப் பாருங்கள். 40-ஐயும் மொத்தமாகக் கொடுத்தது என் அவசரம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

பணத்துக்கு வருகிறேன். முக்காலி வைப்பது அவர் யோசனை என்பது வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருந்தது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று எழுதினேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5,000 வெள்ளி வரை தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். மறுநாளே முக்காலிக் காசு 60 வெள்ளி திரும்பி வந்தது. தட்டுக்குக் கேட்ட 80 வெள்ளியைப் பற்றி மூச்சே இல்லை. மீதி 160 வெள்ளிக்காக அலைய எனக்குத் தெம்பில்லை.

பிறகு 16 விளக்குகளை அடி வெறுமையாகச் செய்து வேறு இடத்தில் சுட்டேன். மாமியார் ஒன்றைச் செய்தித்தாள் மேல் வைத்து, எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தார். தாளில் கறை இல்லை.

நேற்று அந்த மனிதரின் விளம்பரம் கண்ணில் பட்டது. அதே எர்த்தன்வேர் படம். முக்காலி இப்போது 2 வெள்ளி.