எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு: பசை டப்பாவும் எஃகு கேஸ்கெட்டும்

உதிரிபாகக் கடைகளில் சிறு டப்பாவில் விற்கப்படும் எக்ஸாஸ்ட் பசை, எதையும் கழற்றாமலே கசிவை அடைத்துவிடும் என்றும், 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும் என்றும் அதன் மேலட்டை சொல்கிறது. பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றில், சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும், சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் இருந்த கசிவுக்கு முதலில் அந்தப் பசையையும், பின்னர் இரண்டுக்கும் நடுவே வைத்து இறுக்கும் அடைப்புத் தகடான பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். வெப்பம் பற்றிய வாக்கில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பசையை உடைத்தது அந்த இணைப்பின் அசைவு. அதைப் பற்றி மேலட்டையில் ஒரு சொல்லும் கிடையாது.

எதை வாங்குவதற்கும் முன்பு கசிவு அங்குதான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் குறைந்துவிடும் சத்தத்தைப் பலர் வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் சத்தம் என்று எண்ணி வால்வு இடைவெளியைத் திருத்தச் செலவழிக்கிறார்கள். உலோகம் விரிந்து இடுக்கு தற்காலிகமாக மூடிக்கொள்வதால்தான் அது குறைகிறது. குளிர்ந்த எஞ்சினில், டெயில் பைப்பின் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இணைப்பின் மீது சோப்பு நீரைத் தெளித்தால், குமிழி வரும் இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும்; பெரும்பாலும் அங்கே கரிக்கோடும் படிந்திருக்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குச் சத்தத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. எஞ்சின் அறையில் கசியும் கார்பன் மோனாக்சைடு, ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் வழியாகப் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் நுழையக்கூடும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜன் சென்சார் உள்ள காரில், கசிவின் வழியாக உள்ளே இழுக்கப்படும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றுவதால், எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்தத் தொடங்கும்.

இனி பசை. இத்தகைய பசைகளில் பலவற்றுக்கு அடிப்படை சோடியம் சிலிகேட். சூடு பட்டதும் கல்லாக இறுகும். கல்லாக இறுகுவதே இங்கு அதன் குறை. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளமுள்ள ஹெட்டோ, அலுமினியம் இரும்பைவிட இரு மடங்கு விரியும் உலோகமாக இருந்தும், கூலன்ட் அதை 100 டிகிரியை ஒட்டி வைத்திருப்பதால், ஒரு மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றன்மீது ஒன்று நழுவும் இந்த இரு பரப்புகளுக்கு நடுவே இறுகிய பசை விரிசல் விட்டு உதிர்வது எதிர்பார்க்க வேண்டியதே. என் காரிலும் சத்தம் சில நாள் அடங்கியிருந்து, முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பியது. அதே பசை, கீழே பைப்பும் சைலன்சரும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பில் நன்றாகவே பிடித்து நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். (சிலிகான் சீலன்ட்டை இந்த இடத்துக்குப் பரிந்துரைப்பவர்களும் இருக்கிறார்கள். உயர்வெப்ப வகையே 350 டிகிரியை ஒட்டிக் கருகத் தொடங்கும்போது, 400 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் மேனிஃபோல்டில் அதற்கு என்ன வேலை?)

எஃகு கேஸ்கெட் இந்த அசைவை ஏற்கும் வகையில் செய்யப்பட்டது. மெல்லிய எஃகுத் தகடுகள் பல அடுக்கப்பட்டு, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் புடைத்த விளிம்பு அழுத்தப்பட்டிருக்கிறது. நட்டுகளை முறுக்கும்போது அந்தப் புடைப்பு ஸ்பிரிங்கைப் போல நசுங்கி, பரப்புகள் நழுவினாலும் எதிர்த்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. நான் வாங்கியதில் துளைகள் ஹெட்டில் புகை வெளியேறும் வாய்களான போர்ட்டுகளோடு சரியாகப் பொருந்தின. விளிம்பில் பிசிறும் இல்லை. ஆனால் பொதியில் ஸ்டட்டுகளோ (நட்டு மாட்டுவதற்காக ஹெட்டில் பதிந்து நிற்கும் மரைத்தண்டுகள்) நட்டுகளோ இல்லை, முறுக்கு அளவு குறித்த ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. பழைய கார்களுக்கென்றே விற்கப்படும் பொருளில் இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. ஏனெனில் இந்த வேலையின் கடினம் முழுவதும் ஸ்டட்டுகளில்தான் இருக்கிறது. விரிவின் இழுப்பு ஓரங்களில் அதிகம் என்பதால், முதல் மற்றும் கடைசி சிலிண்டர்களை ஒட்டிய ஸ்டட்டுகளே பெரும்பாலும் முறிந்திருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊறவிட்டு, நட்டைச் சற்று இறுக்கியும் தளர்த்தியும் பொறுமையாகக் கழற்ற வேண்டும். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுப்பதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது, துளை கோணினால் சேதப்படுவது ஹெட்.

மிகப் பழைய காராக இருந்தால், அதன் மூல கேஸ்கெட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். பரப்பைத் துடைத்தபின், நேர்விளிம்புத் தகட்டையும், இடுக்கின் அளவைப் பார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதை விடவே கூடாது. காரின் பழுதுபார்ப்புக் கையேட்டின் வரம்பைத் தாண்டி வளைந்ததை மெஷினிங் செய்து சமப்படுத்தாமல் மாட்டினால், எவ்வளவு உயர்ந்த கேஸ்கெட்டும் பயன்படாது. நட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று கட்டங்களாக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். புதிய ஸ்டட்டுகளோடு செம்பு பூசிய நட்டுகளையும் தனியே வாங்கிக்கொண்டால், அவை துருவில் இறுகிப்போகாமல் அடுத்த முறை கழற்ற வரும்.

இப்படி மாட்டியபின் குளிர்ந்த எஞ்சினிலும் சத்தம் இல்லை. சோப்பு நீரிலும் குமிழி எழவில்லை. ஆகவே இந்த இணைப்புக்குக் கேஸ்கெட்டையே பரிந்துரைக்கிறேன், அதனுடன் ஸ்டட், நட்டு ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டின் உடலிலேயே விரிசல் இருப்பவர்களுக்கு இவ்விரு பொருள்களும் பொருந்தா. வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி நிக்கல் ராடால் வெல்டிங் செய்யத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால், அவர்கள் வேறொரு மேனிஃபோல்டைத் தேடுவதே சரி.