பாய்மரப் படகில் சாட் புளொட்டரும் ஆழமானியும்: யாழ்ப்பாணத்தில் பூட்டிய அனுபவம்

காரைநகரில் கட்டி வைத்திருக்கும் எங்கள் 24 அடி பைபர் பாய்மரப் படகுக்குப் போன வருஷம் சாட் புளொட்டரும் (கடல் வரைபடத்தில் படகு நிற்கும் இடத்தைக் காட்டும் திரை) ஆழம் பார்க்கும் ரான்ஸ்டியூசரும் (கீழே ஒலி அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆழம் அளக்கும் கருவி) பூட்டினோம். எது வாங்கலாம், யாழ்ப்பாணத்தில் யாரிடம் செய்விக்கலாம் என்று கன பேர் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: காசைப் பெரிய திரையில் கொட்டாதீர்கள், ரான்ஸ்டியூசருக்கும் அதைச் சரியாகப் பூட்டத் தெரிந்த ஆளுக்கும் கொடுங்கள்.

எங்கள் கடலைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் ஆள் இறங்கி நடக்கக்கூடிய இடங்கள் ஏராளம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடற்கோட்டையைத் தாண்டிப் போகிற வாய்க்காலை விட்டுக் கொஞ்சம் விலகினாலே தரை தட்டும். வெளியே பாக்குநீரிணைக்குப் போனாலும் பெரிய ஆழம் ஒன்றும் இல்லை, அங்கங்கே மணல்திட்டும் கடலடிப் பாறைப் பாரும். வெளியிணைப்பு மோட்டர் போட்ட பைபர் படகுக்காரர் மோட்டரைத் தூக்கிவிட்டுத் தாண்டிவிடுவார். எங்கள் படகின் ஏரா (அடியில் நடுவாக நீட்டி நிற்கும் கீல்) நீர்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் கீழே நிற்கிறது, அதைத் தூக்க வழியில்லை. ஆகவே எங்களுக்கு வேண்டியது வண்ண வண்ணமான வரைபடம் அல்ல, ஏராவுக்குக் கீழே இந்த நிமிஷம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற ஒரேயொரு எண்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாயிலேயே போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கரையில் இன்று கடல் இலத்திரனியல் வேலை செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் மோட்டர் படகுக்கே பழகியவர்கள். முதலில் வந்த ஒருவர் (பெயர் வேண்டாம்) ரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் திருகாணி போட்டு இறுக்கிவிடலாம் என்றார். மோட்டர் படகுக்கு அது சரியான இடம்தான். பாய்மரப் படகு காற்றில் சரிந்து ஓடும், அப்போது பின்பலகையின் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு மேலே வரும், சுக்கானைச் சுற்றிக் குமிழியும் சுழியும் வேறு. குமிழிக்குள்ளால் ஒலி போகாது, திரையில் கோடு கோடாய் விழும். அதோடு மின் இணைப்பைப் பியூஸ் இல்லாமல் நேரே இஞ்சின் ஸ்ரார்ட் பண்ணும் பற்றரியில் கொழுவிவிட்டுப் போனார். சேர்ட் போட்ட மனிசன், நல்லாக் கதைப்பார், வேலை இப்படி. அதை அவிழ்க்க வைத்துக் காசு கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாவதாகப் பிடித்தவர் குருநகர்ப் பக்கம் சின்னதொரு வேர்க்ஷொப் வைத்திருக்கும் தம்பி. இந்த எழுத்து உண்மையில் அவருடைய வேலையைப் பற்றித்தான். படகைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, இது முழுப் பைபரோ, இல்லாட்டி உள்ளுக்குப் பலகையோ போமோ வைச்சதோ?" அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. படகின் உடம்புக்கு உள்ளே வைக்கிற ரான்ஸ்டியூசர் கெட்டியான பைபருக்குள்ளால் மட்டும்தான் ஒலியை அனுப்பும். நடுவில் மரமோ நுரையோ இருந்தால், அல்லது பைபர் அடிக்கும்போது காற்றுக்குமிழி அடைபட்டிருந்தால், ஒன்றும் தெரியாது. "நீர்மட்டத்துக்குக் கீழ ஓட்டை போடாமல் செய்வம், பிறகு ஒழுகுது எண்டு ராவில எழும்பத் தேவையில்லை" என்றார்.

அவர் சொல்லி வாங்கியது ஏர்மார் பி79. உள்ளே ஒட்டுகிற ஒரு அடித்தளம், அதன் மேல் திருகி வைக்கிற ரான்ஸ்டியூசர், இடையில் திரவம் நிரப்ப ஒரு குழி, அவ்வளவுதான். படகின் அடி சரிவாக இருந்தாலும் ரான்ஸ்டியூசரைத் திருப்பி நேர் கீழே பார்க்கும்படி வைக்கலாம், 22 பாகை வரை சரிவைத் தாங்கும். வாங்குவதற்கு முன் உங்கள் புளொட்டரின் வயர் செருகுமிடத்தில் எத்தனை பின் (ஊசி) என்று பாருங்கள். ஒரே கொம்பனியிலேயே 4 பின், 8 பின், 12 பின் என்று இருக்கிறது, பொருந்தாவிட்டால் இடைவயர் தேடிக் கொழும்புக்கு அலைய வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் அவர் செய்த சோதனையைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். ஒரு சொப்பிங் பையில் தண்ணீர் நிரப்பி, ரான்ஸ்டியூசரை அதற்குள் இறக்கி, வாயை இறுகக் கட்டினார். ஏராவுக்கு முன்னால், அணியப் (படகின் முன்முனைப்) பக்கமாக உள்தரையை நனைத்து, அந்தப் பையை அதன் மேல் அமத்திப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கச் சொன்னார். ஒரு இடத்தில் எண் வரவேயில்லை. ஒரு சாண் நகர்த்த வந்தது, ஆனால் துள்ளியது. இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வைத்ததும் அசையாமல் நின்றது. அதே நேரம் வெளியே ஒரு பெடியன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்து சொல்ல, இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துவந்த பிறகுதான் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். பெயின்ரைச் சுரண்டி, மண்கடதாசியால் தேய்த்து, அடித்தளத்தை எப்பொக்சியால் ஒட்டினார், சிலிக்கனைத் தொடவேயில்லை. அடுத்த நாள் வந்து புறொப்பிலீன் கிளைக்கோல் ஊற்றி, குமிழி ஒன்றும் தங்காமல் மெல்லத் தட்டித் தட்டி மேலே வரவைத்து மூடினார். இந்தப் பொறுமைக்கு நான் கூலியை இரட்டிப்பாகவும் கொடுத்திருப்பேன், அவர் வாங்கவில்லை.

வயர் வேலையும் அதே மாதிரிச் சுத்தம். ஈயம் பூசிய செப்பு வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், புளொட்டருக்கு இஞ்சின் பற்றரி அல்ல, படகுக்குள் லைற்றுகள் ஓடும் பற்றரி. இஞ்சின் ஸ்ரார்ட் பண்ணும்போது மின்னழுத்தம் விழுந்து திரை அணைந்து எழும்புகிற தொல்லை அதனால் இல்லை. ரான்ஸ்டியூசர் வயர் நீளமாக இருந்தது. வெட்டிச் சுருக்கலாமா என்று கேட்டேன். "வெட்டினா அது போச்சு அண்ணை" என்று சொல்லிச் சுருட்டிக் கட்டிவிட்டு, விஎச்எஃப் ரேடியோ வயரோடு சேராமல் மற்றப் பக்கத்தால் கொண்டு போனார். திரையைத் திசைகாட்டிக்குக் கிட்ட வைக்காமல், உள்ளே இறங்கும் படிவாசலில் மடக்கித் திருப்பும் கையில் பூட்டினார், வெளியே சுக்கானில் இருப்பவருக்கும் தெரியும், மழைக்கு உள்ளே இழுத்தும் விடலாம்.

பிறகு கழிவு கொடுப்பது, அதாவது ரான்ஸ்டியூசர் அளக்கும் ஆழத்தை ஏராவின் அடியிலிருந்து எண்ணும்படி கருவியில் திருத்தி வைப்பது. பலர் இதைச் செய்யாமலே ஓடுகிறார்கள், எனக்கு அதை நினைக்கப் பயமாக இருக்கிறது. எங்கள் ரான்ஸ்டியூசர் நீர்மட்டத்திலிருந்து 0.4 மீற்றர் கீழே இருக்கிறது, ஏராவின் அடி அதிலிருந்து இன்னும் 0.6 கீழே. ரான்ஸ்டியூசர் 1.1 என்று அளந்தால் உண்மையில் தண்ணீர் 1.5, ஆனால் ஏராவுக்குக் கீழே மிஞ்சுவது 0.5 தான். கழிவு போடாமல் 1.1ஐப் பார்த்து நிம்மதியாக இருந்தால் ஏராவுக்குக் கீழே முழங்கால் அளவுத் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ஏராவுக்குக் கீழே உள்ளதையே காட்டும்படி வைத்து, ஆழம் குறைந்தால் கத்தும் அலாரமும் போட்டிருக்கிறோம். படகில் ஏறுகிற எல்லோருக்கும் அந்த எண் எதிலிருந்து எண்ணப்படுகிறது என்று சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் சிலர் நீர்மட்டத்திலிருந்து காட்டும்படி வைத்திருப்பார்கள்.

குறைகளும் உண்டு. உள்ளே வைத்ததால் கடலின் வெப்பநிலையைச் சரியாகப் பார்க்க முடியாது. மிகவும் ஆழம் குறைந்த இடத்தில் தன் ஒலியே திரும்பி வந்து எண் அர்த்தமில்லாமல் போகும். சாதாளை (கடற்புல்) அடர்ந்த இடத்தில் அதன் நுனியைத் தரை என்று காட்டிவிடும், அது பாதுகாப்பான பக்கத்துப் பிழை என்பதால் பொறுக்கலாம். கடலில் நட்டு மீன் பிடிக்கும் சிறகு வலையின் கம்புகளை எந்தக் கருவியும் காட்டாது, அதற்குக் கண்தான். சோளகம் (தென்மேற்குக் காற்று) இறுக்கி அடித்துப் படகு நன்றாகச் சரியும்போது ஒலிக்கதிரும் சரிந்து எண் கொஞ்சம் துள்ளும். எங்களுக்கு 200 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை ஒலி மட்டும் போதும், 50ஐ நாங்கள் போடுவதில்லை, அது ஆழ்கடலுக்கு உதவுவது.

வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடல்நீரேரிக்குள் புளொட்டரின் வரைபட அட்டையில் வரும் ஆழங்களை நம்பி ஓடாதீர்கள், மணல் இடம் மாறும். நாங்கள் போய் வந்த தடங்களைச் சேமித்து, குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் எழுவைதீவுக்கும் பிழையில்லாத பாதைகளைச் சேர்த்துவருகிறோம். இன்னொன்று, 1974 உடன்படிக்கையின்படியான இந்திய எல்லைக்கோடு திரையில் தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள், தெரியாவிட்டால் புள்ளிகளைப் போட்டு நீங்களே வரைந்துகொள்ளுங்கள். நெடுந்தீவுக்கு மேற்கே காற்றோடு ஓடும்போது அந்தக் கோடு நினைத்ததைவிட வேகமாகக் கிட்ட வரும்.

தம்பியின் தொடர்பு வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வாடைக்காற்றுக் காலம் தொடங்கினால் அவருக்கு றோலர்காரரின் (இழுவைப் படகுக்காரரின்) வேலை குவிந்துவிடும், அதற்கு முன் பிடியுங்கள். படகைக் கரையில் ஏற்றத் தேவையில்லை, ஆனால் ஏராவுக்கு முன்னால் உள்ள தரைப்பலகையைக் கழற்றித் துடைத்துக் காய வைத்திருந்தால் அவருடைய நேரம் மிஞ்சும், உங்கள் காசும் மிஞ்சும்.