தரையில் வழி கண்டுபிடிக்க: தாளா, டேப்லட்டா, டவரா?

ஜெயநகரில் நாலாவது பிளாக் வேறு, நாலாவது டி பிளாக் வேறு. இது தெரியாமல் ஆட்டோ மீட்டரை ஓடவிட்டு அலைந்த தமிழர்கள் பெங்களூரில் ஏராளம். பெரிய விமான நிலையத்தின் தரையும் ஏறக்குறைய அப்படித்தான். பெங்களூர்த் தெருக்களின் மெயின், கிராஸ் மாதிரி அங்கே ரன்வேக்கு எண், ரன்வேக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே விமானம் ஊர்ந்து போகும் டாக்ஸிவேக்கு எழுத்து. ஓர் எழுத்தைத் தவறவிட்டால் நேராக ரன்வேயில் போய் நிற்க வேண்டியதுதான்.

பெங்களூரின் சின்னப் பயிற்சி மைதானமான ஜக்கூரில் இருப்பது ஒரே ரன்வே. அங்கே வழி தவறத் தனித் திறமை வேண்டும். பெரிய விமான நிலையமான தேவனஹள்ளியிலோ 2019 முதல் இரண்டு இணை ரன்வேக்கள். செஸ்னா என்ற குட்டி விமானத்தில் சின்ன மைதானத்தில் பழகிய ஒருவர் இப்படி ஒரு பெரிய நிலையத்தில் இறங்கினால் கையில் எதை நம்புவது?

முதலில் தாள். விமான நிலைய வரைபடத்தை ஏ4 அளவில் அச்செடுத்து, தொடையில் கட்டும் நீபோர்டில் செருகிக்கொள்வது பழைய முறை. குழப்பமான சந்திப்புகளை அந்த வரைபடமே 'ஹாட் ஸ்பாட்' என்று வட்டமிட்டுக் காட்டும். முந்தின நாள் ராத்திரி பென்சிலால் வழியைக் கோடு போட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தாள் சொல்லாது. தவிர, இந்தத் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுபவை. போன வருஷத்து அச்சு பேப்பர் கடைக்குத்தான்.

டேப்லட் இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது. குட்டி விமானப் படம் வரைபடத்தின் மேல் நகர்ந்துகொண்டே வரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். சங்கடமும் அந்த ஆசையில்தான். பயிற்சிக் காலத்தில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு பெரிய நிலையத்தில் அடுத்த டாக்ஸிவேயின் எழுத்தைப் படிக்கத் திரையை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். கால் பெடலில், கண் மடியில். திரும்ப வேண்டிய இடம் இடது இறக்கைக்கு அடியில் நழுவிப் போனது. "ஹோல்ட் பொசிஷன்", அதாவது அப்படியே நில், என்று கட்டுப்பாட்டு டவரில் இருந்து குரல் வந்த பிறகே நிமிர்ந்தேன். பயிற்றுநர் திருச்சிக்காரர். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது, "தம்பி, ஜன்னல் எதுக்கு வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

வெயில் இன்னொரு தொல்லை. மார்ச் மாதத்துக் காக்பிட்டில் கொஞ்ச நேரம் கிடந்தால், சூடாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு டேப்லட் தானாகவே படுத்துவிடும்.

மூன்றாவது, டவரிடம் வானொலியில் கேட்பது. "எனக்கு இடம் புதிது, புரோகிரஸிவ் டாக்ஸி வேண்டும்" என்றால் டவரில் இருக்கும் கண்ட்ரோலர் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லிக் கூட்டிப்போவார். செலவில்லை. ஆனால் நம்மவர்கள் கேட்பதில்லை. அதே அலைவரிசையில் ஏர்பஸ் கேப்டன்களும் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்ற கூச்சம்தான். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் எங்கே வரும் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள் ஹெட்செட் மாட்டியதும் ஊமையாகிவிடுகிறார்கள்.

எனக்குத் தாளைவிடவும் டேப்லட்டைவிடவும் இதன்மேல்தான் நம்பிக்கை. அதற்காக இதற்கு ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை. 2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் லினாட்டே. மூடுபனி. ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் ஆர்5 டாக்ஸிவேயில் போக வேண்டியது, ஆர்6-இல் போனது. வழியில் எஸ்4 என்ற அடையாளத்தைக் கடப்பதாக பைலட் சொன்னார். அப்படி ஒரு குறி இருப்பதே கண்ட்ரோலருக்குத் தெரியாது. தரை ரேடாரும் வேலையில் இல்லை. செஸ்னா ரன்வேக்குள் நுழைந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தின் பாதையில் சிக்கியது. 118 பேர் இறந்தார்கள். வழி சொல்பவருக்கு நாம் தெரிய வேண்டும், அல்லது நாம் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாதபோது வானொலியில் வருவது வெறும் சத்தம்.

அதனால் பனி நாளில் என் ஓட்டு தாளுக்கும் டாக்ஸிவே ஓரத்தில் நிற்கும் பலகைக்கும்தான். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாம் இருக்கும் இடம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் போகும் திசை. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் அனுமதியில்லாமல் அதைத் தாண்டக் கூடாது. பலகையும் தாளும் ஒத்துப்போகவில்லையா, அங்கேயே பிரேக் போட்டுவிட்டு மைக்கை எடுக்க வேண்டும்.

தெளிவான நாளில், புது இடமென்றால், தாளை ராத்திரியே படித்துவிடுகிறேன். டேப்லட் பக்கத்தில் கிடக்கும், நின்ற பிறகுதான் அதைப் பார்ப்பது. முதல் சந்தேகத்திலேயே டவர். கூடப் படித்த வேலூர் நண்பன் இன்னும் டேப்லட் கட்சி. போன மாதம் அதைக் குளிர வைக்க ஒரு சின்ன ஃபேன் வாங்கியிருக்கிறான்.