பி16ஏ எஞ்சினும் இரண்டு ஜோடி கேம்ஷாஃப்ட்டும்: ஏழு ஆண்டுக் கணக்கு

கிள்ளானில் என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், எண்ணெய் தடவிய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கேம்ஷாஃப்ட்கள், அதாவது எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் தண்டுகள், கிடக்கின்றன. 2017இல் அவற்றுக்குக் கொடுத்த பணத்தில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாம். மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். கழற்றி வைத்த பிறகு ஒரு நாள்கூட அவற்றைத் தேடவில்லை. அவை மோசமான கேம்கள் அல்ல. என் கியர்பெட்டிக்கும் என் சாலைக்கும் பொருந்தாத கேம்கள், அவ்வளவுதான்.

வண்டி பழைய சிவிக் ஹேட்ச்பேக். அதில் ஜப்பானிலிருந்து, பாதியாக வெட்டிய வண்டியோடு வந்து இறங்கிய ஹோண்டாவின் பி16ஏ எஞ்சின். 1,595 சிசி, 81 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 77.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). ஹோண்டா விட்டபடியே 8,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு) மேல் சிணுங்காமல் ஏறும். ஆனால் எனக்கு 9,000 வேண்டியிருந்தது. ஏன் என்று இன்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: அந்தச் சத்தம்.

கேம் தேர்வில் நான் செய்த முதல் தவறு, லிஃப்ட் எண்ணை, அதாவது வால்வு எவ்வளவு திறக்கும் என்பதை, மட்டும் பார்த்தது. பி16ஏ-வில் ஒவ்வொரு வால்வு ஜோடிக்கும் கேமில் மூன்று மேடுகள் உண்டு. ஓரத்தில் இருக்கும் இரண்டும் சாதாரண ஓட்டத்துக்கு, நடுவில் இருக்கும் பெரியது விடெக்குக்கு, அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பெரிய மேட்டுக்கு மாறும் ஹோண்டாவின் ஏற்பாட்டுக்கு. கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது நடுமேட்டின் எண்ணை. ஓர மேடுகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வாகனத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி அந்த ஓர மேடுகளில்தான் கழிகிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது என் ஐந்தாவது கியரில் எஞ்சின் சுமார் 3,600இல் சுற்றுகிறது. விடெக் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறது. என் பெரிய கேமின் ஓர மேடுகளும் பெரியவை. காற்றை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் நீண்டுபோனதால், சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியெல்லாம் நடுங்கும். அம்மா ஒரு முறை ஏறிவிட்டு, "இதற்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பொருத்திய நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரிய கேம் போட்டால் வால்வும் பிஸ்டனும் எவ்வளவு நெருங்குகின்றன என்று அளந்தே ஆக வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள வால்வுக் குழிகளில் களிமண் உருண்டையை அழுத்தி வைத்து, பழைய கேஸ்கெட்டுடன் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டை இறுக்கி, பெல்ட் மாட்டி, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். பி வரிசை எஞ்சின் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். இதை மறந்தவர்கள் உண்டு. ஹெட்டைத் தூக்கி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தேன். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. குறைந்தது இரண்டு இருந்தால் போதும் என்பதால் குதித்தேன்.

பட்டறை அண்ணன் தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "தம்பி, விடெக்கைப் பூட்டினாயா?"

பூட்டவில்லை. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் அழுத்தம்தான், மேடுகள் தள்ளும் கைகளான மூன்று ராக்கர்களையும் ஊசியால் இணைக்கும். எஞ்சின் நின்றுகிடக்கையில் நடுராக்கர் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே நான் அளந்தது ஓர மேட்டை மட்டுமே. ஹெட்டில் இருக்கும் சோதனைத் துளையில் நான்கு பார் காற்றைச் செலுத்தி, கசிவுத் துளையை அடைத்து, ராக்கர்களைப் பூட்டி மறுபடி சுற்றினோம். இம்முறை களிமண்ணில் மிஞ்சியது 1.6 மில்லிமீட்டர். முதல் அளவை நம்பி எஞ்சினை மூடியிருந்தால், முதல் முறை விடெக் திறக்கும்போதே ஆபத்தை வாங்கியிருப்பேன்.

இன்டேக் கேமை அதன் பல்சக்கரத்தில் இரண்டு டிகிரி பின்தள்ளியதும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியது. எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டரை. வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் இன்டேக் கேமைப் பின்தள்ளினால் வால்வு மூடுவதும் தாமதமாகும். ஏற்கெனவே உயர்ந்த ஆர்பிஎம்மில் இருந்த சக்தி இன்னும் மேலே போய்விட்டது. சக்தியை அளக்கும் டைனோவில் ஓர மேட்டின் சக்திக் கோடும் நடுமேட்டின் கோடும் சந்தித்தது 6,300 ஆர்பிஎம்மில். ஆகவே விடெக் திறப்பதும் அங்கேதான்.

இங்கேதான் கியர்பெட்டி கணக்குக் கேட்டது. என்னுடையது எஸ்4சி என்ற ஹோண்டா கியர்பெட்டி. இரண்டாவது கியரின் விகிதம் 2.105, மூன்றாவதன் விகிதம் 1.458. அதாவது 8,500இல் கியர் மாற்றினால் மூன்றாவதில் முள் 5,900இல் வந்து விழும். விடெக் திறப்பதோ 6,300இல். ஒவ்வொரு மாற்றத்திலும் சக்தியில் ஒரு பள்ளம். பள்ளத்தில் விழாமலிருக்க வேண்டுமானால் 9,100க்கு மேல் இழுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இப்படி, நான் ஆசைப்பட்ட 9,000 கட்டாயமாகிப்போனது. 8,200இலிருந்து 9,200க்கு ஏறுவது எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகம்தான். ஆனால் விசை வேகத்தின் இருமடியில் வளரும். வால்வையும், ஸ்பிரிங்கை அதனோடு பிடித்துவைக்கும் ரிடெய்னரையும் கட்டுப்படுத்த, வால்வை மூடும் ஸ்பிரிங்குக்குக் கால் பங்குக்கும் மேல் கூடுதல் வேலை.

அந்த வேலையை என் முதல் ஸ்பிரிங்குகள் இரண்டு ஆண்டு செய்தன. விற்றவர் "எந்தக் கேமுக்கும் பொருந்தும்" என்றார். எந்தக் கேமுக்கும் பொருந்தும் ஸ்பிரிங் எதற்கும் அளந்து செய்யப்பட்டதல்ல என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. 2019 தொடக்கத்தில், செப்பாங் பந்தயத் தடத்தின் நீண்ட நேர்ப்பாதையில் 8,800ஐத் தாண்டினால் எஞ்சின் இருமத் தொடங்கியது. இக்னிஷன் கோளாறு என்று நினைத்து ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் என்று மாற்றிப் பணத்தைக் கரைத்தேன். கடைசியில் ஹெட்டைத் திறந்தோம். பொருத்தும் உயரத்துக்கு அழுத்தினால் புதிதில் 80 பவுண்டு விசை காட்டிய ஸ்பிரிங்குகள் 64, 66 என்று காட்டின. வால்வு கேமைப் பின்தொடராமல் மிதந்திருக்கிறது.

டைட்டானியம் ரிடெய்னர்களைத் துடைத்துப் பார்த்தபோது உள்ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு கோடு. கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் விளிம்பில் நின்றது. பதினாறில் ஐந்து இப்படி. எடை குறைவு என்பதற்காக வாங்கிய பொருள், அன்றாட ஓட்டத்தில் எஃகைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் ஹெட்டைத் திறப்பவர்களுக்கு டைட்டானியம் சரி. ஆண்டுக்கு ஒரு முறை வால்வு மூடியைத் திறக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எஃகே போதும்.

2020 மார்ச்சில் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வண்டி வீட்டில் முடங்கியது. அந்த ஆண்டில்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். கேம் இப்போது இன்டெக்ரா டைப் ஆர் காருடையது, பழசு. ஹோண்டாவே தயாரித்தது. இன்டேக் லிஃப்ட் 11.5 மில்லிமீட்டர். பெரிய கேமை வைத்துப் பார்த்தால் சாதுவான எண்தான். வாங்குமுன் ஒவ்வொரு மேட்டிலும் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இந்த எஞ்சினில் ராக்கர் உருளாமல் மேட்டின் மீது தேய்த்துக்கொண்டே போகும். கீறல் விழுந்த கேம் ராக்கரையும் சேர்த்துத் தின்றுவிடும். களிமண் சோதனை இம்முறை, ராக்கர்களைப் பூட்டியே செய்தது, கேமைப் பின்தள்ளாமலேயே தேறியது. ஸ்பிரிங் சூப்பர்டெக் இரட்டைச் சுருள், ரிடெய்னர் எஃகு. முழு லிஃப்ட்டில் சுருள்கள் ஒன்றையொன்று தொட எவ்வளவு மிச்சம், ரிடெய்னரின் அடிப்பகுதி வால்வு சீலைத் தொட எவ்வளவு மிச்சம் என்று இரண்டையும் அளந்த பிறகே மூடினோம். இன்னும் கனமான ஸ்பிரிங்கும் கிடைத்தது. தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு பவுண்டும் கேமையும் ராக்கரையும்தான் அரைக்கும் என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

டைனோவில் உச்ச சக்தி ஆறேழு குதிரைத்திறன் குறைந்தது. அதைச் சொன்னதும் நண்பர்கள் துக்கம் விசாரிப்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஆனால் விடெக் திறப்பது இப்போது 5,500இல். 8,500இல் மாற்றினாலும் முள் 5,900இல், அதாவது நடுமேட்டின் மீதே விழுகிறது. பள்ளம் இல்லை. செப்பாங்கில் மெதுவான வளைவுகளிலிருந்து வெளியேறும்போது முன்பைவிட வேகம். அதற்கு மேல் எஞ்சினைச் சுற்றவிடாத லிமிட்டரை 8,700இல் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஓடினாலும் அதைத் தொடுவது ஓரிரு முறைதான்.

அதன் பிறகு 27,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்பிரிங்குகளை ஒரு முறை கழற்றி அளந்தேன். எல்லாம் மூன்று பவுண்டு வித்தியாசத்துக்குள் நின்றன. நடுராக்கரின் அடியில் இருக்கும் சிறு ஸ்பிரிங் உருளை ஒன்று மட்டும் தளர்ந்து டிக் டிக் என்றது, மாற்றினேன். ஆண்டுதோறும் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலையில் வால்வு இடைவெளி பார்ப்பேன். இன்டேக் 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.21 என்பது ஹோண்டா கொடுத்த அளவு. சென்ற முறை பதினாறில் இரண்டைத்தான் தொட வேண்டியிருந்தது.

அலமாரியில் இருக்கும் பெரிய கேம்களைக் கேட்டு மூன்று மாதங்களுக்கு முன் ஷா ஆலாமிலிருந்து ஒரு பையன் வந்தான். செய்தித்தாளைப் பிரித்து, மேடுகளைத் தடவி, லிஃப்ட் எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். உன் கியர்பெட்டி எது என்று திருப்பிக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனவன் இன்னும் சொல்லவில்லை.