மூன்று தோல்விகளை அனுப்பி வைத்தேன்: ஒரு ரீப்ளே பயிற்சியைப் பற்றி

2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் வந்ததிலிருந்து அதில் ரியூ என்ற கதாபாத்திரத்தை மட்டும்தான் ஆடுகிறேன். கோல்ட் ரேங்குக்கு வந்து பல மாதம் ஆகியும் அங்கேயே நிற்கிறேன். என் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "அவன் தாவித் தாவி அடிக்கிறான், ஆன்டி-ஏர் போடு." அதாவது, தாவி வருபவனைக் காற்றிலேயே அடித்து இறக்கு. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் ரீப்ளே (ஆடி முடித்த ஆட்டத்தின் பதிவு) பார்த்துக் குறை சொல்லும் பயிற்சியாளர் ஒருவரிடம் பதிவு செய்தேன்.

அவர் கேட்டது மூன்று ரீப்ளே. மூன்றும் தோற்ற ஆட்டங்களாக இருக்க வேண்டும், அதுவும் ஏன் தோற்றோம் என்று நமக்கே புரியாதவையாக. நான்கு நாளில் அவர் குரலோடு 38 நிமிட வீடியோ ஒன்று வந்தது, கூடவே ஒரு பக்கக் குறிப்பு.

அந்த 38 நிமிடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே விஷயத்துக்குப் போனது. இரண்டாவது ஆட்டம், இரண்டாவது ரவுண்ட், கடிகாரத்தில் 41. நான் ஹடோக்கென் (கையிலிருந்து எறியும் ஆற்றல் பந்து) போடுகிறேன். எதிரே கென் என்ற கதாபாத்திரத்தை ஆடுபவன் அதைத் தாவிக் கடந்து தலையில் ஹெவி கிக் இறக்குகிறான். அப்புறம் காம்போ (தொடர் அடி), கார்னர் (திரையின் மூலை), ஆட்டம் முடிந்தது. என் கை தாமதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் அங்கே நிறுத்தி, நான் அழுத்திய பட்டன்களின் வரிசையைத் திரையில் வரவழைத்து, மெதுவாக ஓடவிட்டார். "பாருங்க, ஷோர்யுக்கென் கொடுத்திருக்கீங்க. சரியாத்தான் கொடுத்திருக்கீங்க. ஆனா ரியூ இன்னும் ஹடோக்கென்ல இருந்தே வெளிய வரல. நீங்க அழுத்துனது அவனுக்குப் போய்ச் சேரவே இல்ல." ஷோர்யுக்கென் என்பது மேலெழும்பி அடிக்கும் குத்து, தாவி வருபவனுக்கு ஏற்ற ஆன்டி-ஏர்.

இதை ஒருவர் காட்டும்வரை நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களாக ஓடுகிறது. ஒரு ஹடோக்கென் தொடங்கி ரியூ மறுபடி நம் பேச்சைக் கேட்க 40 ஃபிரேமுக்கு மேல் ஆகும். ஒரு தாவலும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். ரியூ கையை நீட்டும் நேரம் பார்த்து எதிராளி எழும்பிவிட்டால், எவ்வளவு வேகமான கை இருந்தும் பயன் இல்லை. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து நான் வாங்கிய தாவல் அடி 17 என்று எண்ணி வைத்திருந்தார். அதில் 13 நான் ஹடோக்கெனில் மாட்டியிருந்தபோது விழுந்தவை. முக்கால்வாசி ஒரே தூரத்தில். முதல் ஹடோக்கெனை எதிராளி பிளாக் செய்ததுமே (தடுத்ததுமே) நான் இரண்டாவதைப் போட்டுவிடுகிறேன், எல்லா ஆட்டத்திலும், ஒரே இடைவெளியில். "ரெண்டாவது எப்ப வரும்னு முதல் ரவுண்ட்லயே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

ஆன்டி-ஏர் பயிற்சியில் நான் செலவழித்த மணிக்கணக்கை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அடி விழுந்த இடத்தை எல்லோரும் காட்டினார்கள். அதற்கு முக்கால் நொடி முன்னால் நான் எடுத்த முடிவை இவர் ஒருவர்தான் பார்த்தார்.

அதற்கு அவர் கொடுத்த பயிற்சியும் சின்னது. டிரெய்னிங் மோடில், எதிரே நிற்கும் பயிற்சி பொம்மையான டம்மிக்கு மூன்று அசைவு பதிவு செய்ய வேண்டும்: தாவி அடிப்பது, முன்னால் நடந்து வருவது, சும்மா நின்று பிளாக் செய்வது. மூன்றையும் மாறி மாறி வரவிட வேண்டும். நான் ஒரு ஹடோக்கென் போட்டதும் அடுத்ததை உடனே போடாமல், ஒரு அடி நகர்ந்து, டம்மி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தாவினால் குனிந்து ஹெவி பஞ்ச். முதல் வாரம் ஷோர்யுக்கென் பக்கமே போகக் கூடாது. தினம் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. மூன்றாவது ரீப்ளேவுக்கு வந்தபோது அவசரம் தெரிந்தது. குனிந்த மீடியம் கிக்கிலிருந்து டிரைவ் ரஷ்ஷுக்கு (வேகமாக முன்னால் பாய்வதற்கு)ப் போவது என் பழக்கம். எதிராளி பிளாக் செய்தாலும் போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் டிரைவ் அளவியில் மூன்று கட்டம் செலவாகும், மொத்தமே ஆறுதான். இரண்டு முறை செய்தால் பர்ன்அவுட், அதாவது அளவி காலியாகி ஆள் பலவீனமாகிவிடுவான். "இதைக் குறைங்க" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்லவில்லை. நான் பேடில் (கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்) ஆடுகிறேனா ஸ்டிக்கிலா என்று முன்கூட்டியே கேட்கவும் இல்லை. கை வைக்கும் விதம் பற்றிச் சொன்ன இரண்டு குறிப்பு பேடுக்குப் பொருந்தவே பொருந்தாது. எழுதி அனுப்பிய பக்கம் முழுக்க 236, 623 என்று எண்களாக இருந்தது. விசைப்பலகையின் எண் பகுதியை வைத்துத் திசையைக் குறிக்கும் முறை அது. 236 ஹடோக்கென், 623 ஷோர்யுக்கென் என்று எனக்குப் புரியும். புதிதாக வருபவர் முழிப்பார். மேலே இரண்டு வரி விளக்கம் போட்டிருக்கலாம். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அடுத்த நாளே பேடுக்கான குறிப்பைத் திருத்தி அனுப்பினார், அது நல்ல விஷயம்.

பேசும் விதத்தையும் சொல்ல வேண்டும். 38 நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட என்னை மட்டம் தட்டவில்லை. வீணாகப் புகழவும் இல்லை. த்ரோவை (எதிராளி பிடித்து எறிவதை) உடைப்பதில் எனக்குப் பொறுமை இருக்கிறது என்று ஒரு முறை சொன்னார், எந்த இடத்தில் என்று நேரத்தோடு காட்டினார். அதனால் நம்பினேன்.

ஹடோக்கென் போன்ற ஸ்பெஷல் அடிகளே இன்னும் கைக்கு வராதவர்களுக்கு இந்தப் பயிற்சி இப்போது வேண்டாம் என்பேன். ஆட்டத்துக்குள்ளேயே ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் வழிகாட்டியும் காம்போ டிரையலும் இருக்கின்றன, முதலில் அவற்றை முடித்துவிடுங்கள். தெரிந்த ஒன்று ஆட்டத்தில் மட்டும் வராமல் தவிப்பவர்கள் தயங்காமல் சேரலாம்.

இரண்டு வாரம் ஆகிறது. ரேங்க் இன்னும் கோல்ட்தான். ஆனால் நேற்று ஒரு கென் மூன்று முறை தாவினான், மூன்று முறையும் ஹெவி பஞ்ச் வாங்கிக் கீழே விழுந்தான். நான்காவது முறை தாவவில்லை, நடந்து வந்தான். நடந்து வருபவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ரீப்ளேவைத்தான் அடுத்து அனுப்பியிருக்கிறேன்.