5,000 படங்கள், ‘முழு வணிக உரிமை’யுடன்: வாழ்த்து அட்டை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையில் என் வீட்டிலிருந்தபடியே ஏழு ஆண்டுகளாக வாழ்த்து அட்டைகளும் சிறு விழாக்களுக்கான அழைப்பிதழ்களும் கையால் செய்து விற்றுவருகிறேன். எனக்கு வரையத் தெரியாது. அட்டையை அளந்து வெட்டவும், மடிப்புப் போடவும், படத்தைக் கத்தரித்து ஃபோம் டேப் வைத்து எழுப்பி ஒட்டவும், ஓரத்தில் ஜரிகை கோக்கவும் தெரியும். படத்துக்கு மட்டும் பிறரைத்தான் நம்பியிருக்கிறேன். என்னைப் போன்ற பலரும் அச்சிடத்தக்க டிஜிட்டல் படங்களை விலைக்கு வாங்கித்தான் தொழில் செய்கிறோம். சென்ற கார்த்திகையில் அப்படி வாங்கிய ஒரு படத்தொகுப்பில் நான் ஏமாந்த விதத்தை, பொங்கல் அட்டைகளுக்குப் படம் தேடிக்கொண்டிருப்பவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

சமூக ஊடகத்தில் கண்ணில் பட்ட விளம்பரம் இது: ‘5,000 படங்கள், 300 டிபிஐ, பின்னணி இல்லாத பிஎன்ஜி, முழு வணிக உரிமை.’ டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு; பிஎன்ஜி என்பது பின்னணி இல்லாமல் படத்தைச் சேமிக்க உதவும் கோப்பு வகை. மாதிரிக்கு வைத்திருந்த படங்களில் ஒரு வளைகாப்புக் காட்சி இருந்தது. மனையில் அமர்ந்திருக்கும் பெண், முன்னால் தாம்பாளங்களில் வளையலும் கலவை சாதமும், பின்னால் மங்கலாகத் தெரியும் குத்துவிளக்கு. வரைந்தவர் அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தவர் என்று சொல்லும்படி இருந்தது. தொகுப்பு ஒரு விற்பனைத் தளத்திலும் 1,999 ரூபாய்க்கு இருந்தது. வாட்ஸ்அப்பில் விசாரித்தபோது, நேரடியாக யுபிஐ மூலம் செலுத்தினால் 1,499 ரூபாய் போதும் என்றார் விற்பவர். ‘இந்தப் படங்களை வைத்து அட்டை செய்து விற்கலாமா?’ என்று தெளிவாகவே கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் முத்திரையும் கையெழுத்துமாக ஓர் உரிமைக் கடிதம் வந்து சேர்ந்தது. ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்து பணத்தை அனுப்பினேன். அந்த ஐந்நூறு ரூபாய் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்போது என் கையில் 80 வளைகாப்பு அழைப்பிதழ்களுக்கான வேலை இருந்தது. ஏழுக்கு ஐந்து அங்குல அட்டை, முகப்பு முழுவதும் படம். வாடிக்கையாளருக்கு மேலே சொன்ன படம் மிகவும் பிடித்துவிட்டது. வழக்கமாகப் போகும் டிஜிட்டல் பிரிண்ட் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி கோப்பைத் திறந்து, நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, வளையல்களின் விளிம்பைக் காட்டினார். கோடுகளைச் சுற்றி மூட்டம் போட்டதுபோல் இருந்தது. முகத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே சிறு சிறு சதுரங்கள் தெரிந்தன. “அக்கா, இது இழுத்த படம். போட்டா கலங்கலாத்தான் வரும்” என்றார். நான் நம்பாமல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) ஆர்ட் போர்டு அட்டையில் ஒரே ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். அவர் சொன்னபடியே கலங்கலாக வந்தது.

எனக்கு இதுவரை சரியாகப் புரியாதிருந்த ஒன்றை அன்று அவர்தான் விளக்கினார். 300 டிபிஐ என்பது கோப்பின்மேல் எழுதப்பட்ட ஓர் எண் மட்டுமே. 72 என்று இருப்பதை 300 என்று மாற்றுவதற்கு ஒரு விநாடி போதும், அதனால் படத்தில் ஒரு புள்ளிகூடக் கூடுவதில்லை. பார்க்க வேண்டியது பிக்சல் கணக்கை, அதாவது படத்தின் நீள அகலத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை. ஏழுக்கு ஐந்து அங்குலத்தில் தெளிவாக அச்சிட 2,100க்கு 1,500 பிக்சல் வேண்டும்; முழு ஏ4 தாளுக்கு 3,508க்கு 2,480 வேண்டும். என்னிடம் வந்த கோப்பில் அந்த ஏ4 கணக்கு அப்படியே இருந்தது. ஆனால், 600 பிக்சல் அகலமுள்ள சிறு படத்தையும் மென்பொருளில் நான்கு மடங்குக்குச் சற்று மேல் இழுத்தால் இதே கணக்கு வந்துவிடும். இழுக்கும்போது மென்பொருள் இடைவெளிகளைத் தானே ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம்தான் மூட்டமாகத் தெரிகிறது. ஆகவே எண்ணைப் பார்ப்பது பாதி வேலைதான். பெரிதாக்கிக் கண்ணால் பார்ப்பது மறுபாதி.

வீடு திரும்பி மற்றக் கோப்புகளைத் திறந்தேன். பின்னணி இல்லாத படங்கள் என்று சொல்லப்பட்டவற்றில் பலவற்றில், பின்னணி இல்லை என்பதைக் காட்டத் திரையில் தெரியும் சாம்பல், வெள்ளைக் கட்டங்கள் படத்தோடு படமாகவே பதிந்திருந்தன. அச்சிட்டால் கட்டங்களும் சேர்ந்தே அச்சாகும். ‘பொங்கல்’ என்ற கோப்புறையில் இருந்தவை செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கியவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கரும்பின் தோகை தென்னங்கீற்றாக இருந்தது. பானையைப் பிடித்திருந்த பெண்ணுக்கு வலக்கையில் ஆறு விரல்கள். வாழ்த்து என்ற பெயரில் கீழே ஓடிய எழுத்துகள் தூரத்திலிருந்து தமிழாகத் தெரிந்தன; அருகில் போனால் எந்த மொழியும் இல்லை. கோபத்தையும் மீறி அதைப் பார்த்துச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விற்றவருக்கு எழுதினேன். ‘மேடம், டிஜிட்டல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்று முதலில் ஒரு பதில் வந்தது. உங்கள் பிரிண்டர் சரியில்லை என்று இரண்டாவதாக ஒரு பதில் வந்தது. கட்டங்கள் அச்சாகியிருந்த தாளைப் படமெடுத்து அனுப்பிய பிறகு பதிலே வரவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

வளைகாப்பு நாள் நெருங்கிவிட்டதால் ஒரு மாற்று வழி யோசித்தேன். படத்தை முகப்பு முழுவதும் பரப்பாமல் இரண்டு அங்குல அகலத்துக்குச் சுருக்கினால் தெளிவாக வந்தது. அதை வட்டமாகக் கத்தரித்து, மெரூன் அட்டையின் நடுவே எழுப்பி ஒட்டி, சுற்றிலும் சிறு கண்ணாடி வளையல் ஒன்றை வைத்துக் கட்டினேன். உண்மையைச் சொன்னால், முதலில் நினைத்ததைவிட அழகாகவே அமைந்தது. 80 அழைப்பிதழ்களும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. அந்த மகிழ்ச்சியில் ஒன்றைப் படமெடுத்து என் பக்கத்தில் போட்டேன்.

மூன்றாம் நாள் முன்பின் அறியாத ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, இந்த வளைகாப்புப் படம் நான் வரைந்தது. உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று சொல்ல முடியுமா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். கூடவே, கோடு தனி, வண்ணம் தனி, நிழல் தனி என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருந்த தன் மூலக் கோப்பின் திரைப்படிவத்தையும் (ஸ்கிரீன்ஷாட்), ஈராண்டுகளுக்கு முன் அவர் அதை வெளியிட்ட பதிவையும் அனுப்பியிருந்தார். அவருடைய படத்தில் வலது கீழ் மூலையில், தாம்பாளத்துக்கு அடியில், சிறிய கையெழுத்து இருந்தது. என் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் தரையின் நிறம் விரலால் தேய்த்ததுபோல் கலைந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து பலமுறை அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். நிழல் என்றே நினைத்திருந்தேன்.

அவர் வெளியிட்ட மாதிரிப் படம் 600 பிக்சல் அகலம். யாரும் எடுத்து அச்சிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வரைபவர்கள் இணையத்தில் அப்படிச் சிறியதாகப் போடுகிறார்கள். பெரிய கோப்பு பணம் கொடுத்தவருக்கு மட்டுமே போகும். என் கோப்பு ஏன் கலங்கலாக இருந்தது என்பதற்கான விடை அங்கே கிடைத்தது. விற்றவரிடம் பெரிய கோப்பு இருந்திருக்கவே முடியாது. அவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும் அந்தச் சிறு மாதிரிதான். அச்சுக் கடையில் பார்த்த மூட்டத்தைத் தரக்குறைவு என்று மட்டும் எண்ணி, இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கி மறைத்துவிட்டேன். திருட்டுப் பொருள் என்பதற்கான தடயத்தை என் கையாலேயே மறைத்திருக்கிறேன்.

அவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, உரிமைக் கடிதத்தையும் அனுப்பினேன். சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு கட்டணம், விற்பனைக்குச் செய்யும் சிறு தொழில்களுக்கு வேறொரு கட்டணம் என்று அவர் வைத்திருந்தார். பின்னதைக் கொடுத்தேன்; 600 ரூபாய். பதிவில் அவர் பெயரையும் சேர்த்தேன். முதலிலேயே அவரிடம் வாங்கியிருந்தால் தெளிவான படமும் கிடைத்திருக்கும், முகப்பும் வாடிக்கையாளர் கேட்டபடி நிறைந்திருக்கும், செலவும் பாதிக்குக் குறைவாக முடிந்திருக்கும். வாடிக்கையாளரிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் சில நாள் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அந்த உரிமைக் கடிதத்தின் மதிப்பு என்ன என்று வழக்கறிஞரான உறவினர் ஒருவரிடம் கேட்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பைப் பயன்படுத்தும் உரிமத்தை அதன் உரிமையாளரோ அவருடைய முறையான முகவரோதான் எழுத்துமூலம் தர முடியும். உரிமையே இல்லாதவர் எத்தனை முத்திரை குத்தித் தந்தாலும் அது வெறும் தாள்தான். தெரிந்தே பதிப்புரிமையை மீறுபவருக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது உண்மை. ஆனால், ஓவியர் எச்சரித்த பிறகும் அதே படத்தை ஒட்டி விற்றால் ‘தெரியாது’ என்ற சொல் எனக்கு உதவாது.

தொகுப்பில் ‘பழைய நாள்காட்டிப் படங்கள்’ என்றொரு கோப்புறையும் இருந்தது. பழைய படம் என்றால் யாருக்கும் உரிமை இல்லை என்று விற்றவர் எழுதியிருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். நம் நாட்டில் ஓவியரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. ராஜா ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவருடைய லட்சுமியையும் சரஸ்வதியையும் இன்று எவரும் அட்டையில் பயன்படுத்தலாம். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு மறைந்தது 1976இல். சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடுதோறும் பூஜையறைக்கு வந்து சேர்ந்த அவருடைய தெய்வப் படங்களுக்கு 2036ஆம் ஆண்டு முடியும்வரை பதிப்புரிமை உண்டு. கோப்புறையில் இருவருடைய படங்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு பழையவைதான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் அதே தொகுப்பில் இருந்தது. ‘அரிய மலர் ஓவியங்கள்’ என்று விற்கப்பட்டவை பெரும்பாலும் 1840இல் மறைந்த பெல்ஜிய ஓவியர் ரெதூதேயின் ரோஜாக்கள். இத்தகைய பழைய ஓவியங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், பதிப்புரிமை முடிந்த தன் சேகரிப்புகளின் படங்களை விற்பனைப் பயன்பாடு உட்பட எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2017 பிப்ரவரியில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை அவ்வாறே வெளியிட்டது. அங்கிருந்து நேரடியாக இறக்கிய மலர்ப் படம் ஒன்று, நான் விலைக்கு வாங்கியதைவிடப் பல மடங்கு தெளிவாக இருந்தது. காலாவதியான உரிமையை விலைக்கு விற்றும், உயிரோடு இருக்கும் உரிமையை இலவசம் என்று சொல்லியும் ஒரே தொகுப்பில் இரண்டு வியாபாரம் நடந்திருக்கிறது.

இப்போது படம் வாங்கும்முன் மாதிரிப் படத்தை இணையத்தில் படம்வழித் தேடலில் போட்டு, அதை முதலில் வெளியிட்டவர் யார் என்று பார்க்கிறேன். ஒருவரே 5,000 படங்கள் விற்கும்போது, அவற்றில் ஒரே கையின் சாயல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வளைகாப்புப் பெண்ணுக்கு ஒரு பாணியிலும் கொலுப் பொம்மைக்கு வேறொரு பாணியிலும் கண் எழுதப்பட்டிருந்தால் விலகிவிடுகிறேன். மூலக் கோப்பின் திரைப்படிவத்தைக் கேட்கிறேன். வரைந்தவர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார், வரையாதவர் கோபப்படுகிறார். உரிமத்தில் எத்தனை அட்டைகள் வரை விற்கலாம், படத்தைக் கோப்பாகவே பிறருக்குத் தரலாமா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘முழு உரிமை’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் ஒன்றும் இல்லாத உரிமத்தை இனி நான் தொடுவதில்லை.

பணம் செலுத்தும் வழியைப் பற்றி ஒன்று. 2020ஆம் ஆண்டின் இணையவழி வணிக விதிகளின்படி, விற்பனைத் தளங்கள் குறைதீர் அலுவலரை நியமித்து, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நான் தளத்தை விட்டு வெளியே வந்து தனி எண்ணுக்குப் பணம் அனுப்பியதால், அந்தக் கதவை நானே சாத்திக்கொண்டேன். விற்றவர் விலையைக் குறைத்ததும் அதற்காகத்தான் இருக்க வேண்டும். இணையப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைத்திருக்க வேண்டும். நான் பதினெட்டு நாள் கழித்து அழைத்தேன். நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் பதிவு செய்தேன். இரண்டு புகார் எண்கள் கையில் இருக்கின்றன, பணம் வரவில்லை. உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, உரிமைக் கடிதம், விளம்பரத்தின் திரைப்படிவம் ஆகியவற்றை எண் தடுக்கப்படும் முன்பே சேமித்து வைத்திருந்ததால்தான் புகாராவது கொடுக்க முடிந்தது.

சென்ற வாரம் வேறொரு பெயரில், வேறொரு எண்ணோடு, ‘7,000 படங்கள், 999 ரூபாய்’ என்ற விளம்பரம் வந்தது. முதல் மாதிரிப் படம் அதே வளைகாப்புப் பெண். பெரிதாக்கிப் பார்த்தேன்; வலது கீழ் மூலையில், தாம்பாளத்துக்கு அடியில், அந்தத் தேய்த்த தடம் அப்படியே இருக்கிறது. விளம்பரத்தின் திரைப்படிவத்தை அந்த ஓவியருக்கும் அனுப்பிவிட்டேன்.