பிரசவத்தில் குழந்தைக்கு நேர்ந்த காயம்: வழக்கா, சமரசமா, நிதியமா?

பிரசவ அறையில் தாயின் வயிற்றில் பொருத்திய கருவி, காகிதச் சுருளில் இரண்டு கோடுகளை வரைந்துகொண்டே போகும். மேலே குழந்தையின் இதயத்துடிப்பு, கீழே வலி. வலி வந்து அடங்கிய பிறகும் மேல்கோடு பள்ளத்திலேயே கிடந்து மெல்ல எழுகிறதென்றால், அதுவும் ஒவ்வொரு வலிக்கும் அப்படியே நடக்கிறதென்றால், குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறைகிறதோ என்று பக்கத்தில் இருப்பவர் பதற வேண்டும். முதல் பள்ளம் விழுந்தது இரவு 2.10க்கு. டாக்டருக்குத் தகவல் போனது 3.40க்கு. குழந்தை வெளியே வந்தது 4.25க்கு. கேஸ் ஷீட்டில் இப்படி மூன்று நேரங்கள் இருந்தால், ஒரு குடும்பத்தின் மொத்த வழக்கும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கோப்புகளைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு கிடைக்கும்?" என்பதாக இருப்பது அபூர்வம். "அன்னைக்கு ராத்திரி என்னதான் நடந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி கொஞ்ச நாள் கழித்து, குரல் தாழ்ந்து வரும்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பாத்துக்குவாங்க?" நீதிமன்ற வழக்கு, பேசி முடிக்கும் சமரசம், யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீட்டு நிதியம் என்ற மூன்று வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே இங்கே எடைபோடுகிறேன். தொகை எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், கசப்பான ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூளைச் சேதத்தால் உடல் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாமல் போகும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதிப்பு பிரசவ நேரத்தில் வந்ததல்ல. குறைப்பிரசவம், கருவிலேயே வந்த தொற்று, மூளை ரத்தக்குழாய் அடைப்பு, மரபணுக் கோளாறு என்று காரணங்கள் பல. ஆகவே தடயங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறந்தவுடன் எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தின் பி.எச். அளவு 7.0க்குக் கீழே, அதாவது ரத்தத்தில் அமிலம் மிகுந்து இருந்ததா? பிறந்த குழந்தையின் மூச்சு, துடிப்பு, நிறம், அசைவு பார்த்துப் பத்துக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண் ஐந்தாவது, பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு? முதல் ஓரிரு நாட்களில் வலிப்பு வந்ததா? எம்.ஆர்.ஐ. படம் என்ன சொல்கிறது? மூளையின் ஆழ்பகுதியில் சேதம் இருந்தால், ரத்த ஓட்டம் திடீரென்று ஏறக்குறைய நின்றுபோயிருக்கலாம். பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைப் பகுதிகளில் இருந்தால், நெடுநேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கலாம். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் குழந்தையின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை தந்திருந்தால், மூச்சுத்திணறலால் மூளை பாதிக்கப்பட்டிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர்களே அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள் என்று பொருள். தர வேண்டிய நிலையில் தராமல் விட்டிருந்தால் அதுவே தனிக் கேள்வி. இந்தத் தடயங்கள் எதுவும் பேசாத கோப்பை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகச் சொல்லி எந்தக் குடும்பத்தையும் நான் தூண்டமாட்டேன்.

வழக்கு

நீதிமன்றம் இரண்டு படிகளைக் கேட்கும். டாக்டரோ நர்ஸோ செய்தது அந்தத் துறையில் ஏற்கத்தக்க அளவுக்குக் கீழே போனது என்று காட்ட வேண்டும். அதனால்தான் இந்தச் சேதம் வந்தது என்றும் காட்ட வேண்டும். முதல் படியில் வென்று இரண்டாவதில் தோற்ற குடும்பங்கள் ஏராளம். 3.40க்குப் பதிலாக 2.30க்கே டாக்டரை அழைத்திருந்தால் குழந்தை முழுசாகத் தப்பியிருக்குமா, பாதி தப்பியிருக்குமா என்பதை மகப்பேறு நிபுணர், பச்சிளங்குழந்தை நிபுணர், குழந்தை நரம்பியல் நிபுணர், மூளைப் படங்களைப் படிக்கும் நிபுணர் என்று வரிசையாகச் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பும் அதே வரிசையைக் கொண்டுவந்து நிறுத்தும். இதற்கு ஆகும் செலவும் காலமும் ஒரு குடும்பத்தைச் சக்கையாகப் பிழிந்துவிடும்.

பிரிட்டனின் இரண்டு வழக்குகள் போதும், இந்த வழியின் இரு முனைகளையும் காட்ட. வைட்ஹவுஸ் எதிர் ஜோர்டன் வழக்கின் குழந்தை பிறந்தது 1970இல். ஆயுதம் போட்டு அளவுக்கு மீறி இழுத்தார்கள் என்பது புகார். விசாரணை நீதிபதி 1 லட்சம் பவுண்ட் தரச் சொன்னார். மேல்முறையீட்டில் அது ரத்தானது. அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1980 டிசம்பரில் அந்த ரத்தை உறுதிசெய்தது. குழந்தை பிறந்து பத்து வருடத்துக்கும் மேலாகி, வெறுங்கையோடு வீடு. அடுத்தது மான்ட்கோமரி வழக்கு. தாய்க்கு நீரிழிவு, உயரமும் குறைவு. குழந்தையின் தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவர் நிலையில் 9 முதல் 10 சதவீதம். இதை டாக்டர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிசேரியன் கேட்டிருப்பேன் என்றார் தாய். குழந்தை பிறந்தது 1999இல். கீழ்நிலைகளில் தோற்று, 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். இழப்பீடு 52.5 லட்சம் பவுண்ட். ஆபத்தை நோயாளியிடம் சொல்லும் கடமை எவ்வளவு என்பதை அங்கே அந்தத் தீர்ப்பு மாற்றி எழுதியது. ஆனால் குழந்தைக்கு அப்போது 15 வயது. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அதிகம் பலன் தந்திருக்கக்கூடிய ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்திருந்தன.

அப்படியும் நீதிமன்றத்தை நான் தள்ளிவிடமாட்டேன். வாழ்நாள் பராமரிப்பு, வீட்டை மாற்றிக் கட்டுவது, கருவிகள், குழந்தை வளர்ந்து சம்பாதித்திருக்கக்கூடிய வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் வழி இதுதான். மறைத்துவைத்த பதிவேட்டைக் கட்டாயப்படுத்தி வெளியே எடுக்கும் அதிகாரமும் இதற்கு உண்டு. முதல் கேள்விக்கு இது விடை தரும். சண்டை போட்டு வாங்கிய விடை என்பதால் அதில் பாதி உண்மையும் பாதி வக்கீல்களின் வாதமுமாக இருக்கும்.

சமரசம்

தீர்ப்புவரை போகிற வழக்குகள் குறைவு. பெரும்பாலானவை வழியிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. சீக்கிரம் முடியும், தோற்கும் பயம் இல்லை, தாய் கூண்டில் ஏறி அந்த இரவை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இத்தனை நல்லதும் உண்மை.

ஆனால் குழந்தைக்கு ஒன்றரை வயதில் ஒரு தொகையைக் காட்டி "முழுமையான, இறுதியான தீர்வு" என்று கையெழுத்து கேட்டால், கையை எடுத்துவிடுங்கள். அந்த வயதில் எந்த நிபுணராலும் குழந்தை நடக்குமா, பேசுமா, தானே சாப்பிடுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் அப்படிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு இருந்த கடனை அடைக்க அந்தத் தொகை சரியாக இருந்தது. மகனுக்கு ஏழு வயதானபோது இடுப்பு மூட்டு விலகி ஆபரேஷன் தேவைப்பட்டது. கேட்க யாரும் இல்லை. என்ன நடந்தது என்று வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையிலும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சமரசத்தில் நியாயமான ஒரு வடிவம் உண்டு. தவறு நடந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், சிகிச்சைக்கும் கருவிகளுக்கும் இடைக்காலத் தொகை தர வேண்டும், குழந்தை வளர்ந்து தேவை தெளிவான பிறகு மொத்த அளவை முடிவுசெய்ய வேண்டும். இதற்கு மறுதரப்பு சம்மதித்தால் நான் வழக்கைவிட இதையே தேர்ந்தெடுப்பேன். குழந்தையின் பெயரில் நடக்கும் சமரசத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அந்த ஒப்புதலைத் தலைவலியாக நினைக்கும் பெற்றோர் உண்டு. குழந்தைக்கென்று தனியாக ஒருவர் கணக்கைச் சரிபார்க்கும் ஒரே இடம் அதுதான்.

நிதியம்

யார் தவறு என்று கேட்காமலே பணம் தருவது மூன்றாவது வழி. எல்லா நிதியங்களும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம்.

நியூசிலாந்து 1974 ஏப்ரலில் விபத்து இழப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சிகிச்சையால் வந்த காயம் என்று ஏற்கப்பட்டால் சிகிச்சை, பராமரிப்பு, கருவி எல்லாம் தேவை இருக்கும்வரை வரும். பதிலுக்கு, இழப்பை ஈடுகட்டக் கோரி வழக்குப் போடும் உரிமை போய்விடும். ஸ்வீடனில் 1975இலிருந்து நோயாளிக் காப்பீடு இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு நிபுணர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்தக் காயத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்பதே அங்கே அளவுகோல். யார் மீதும் பழி போடாமலே "தவிர்த்திருக்கலாம்" என்று சொல்ல அது இடம் தருகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா 1987இலும் ஃபுளோரிடா 1988இலும் பிறப்பில் நேரும் மூளைக் காயத்துக்கென்றே நிதியம் அமைத்தன. டாக்டர்களின் காப்பீட்டுக் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியதே அவற்றுக்குக் காரணம். அந்தப் பிறவிக் குணம் சட்டத்திலும் தெரிகிறது. ஃபுளோரிடாவில் ஒற்றைக் குழந்தை என்றால் குறைந்தது 2,500 கிராம் எடை இருக்க வேண்டும். உடல், மனம் இரண்டும் நிரந்தரமாக, கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கப்பட்டால் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. பெற்றோருக்கான தனித்தொகை பல காலம் 1 லட்சம் டாலராகவே இருந்தது. 2021இல்தான் 2.5 லட்சம் ஆனது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஜப்பானின் திட்டம். 2009 ஜனவரியில் வந்தது, பெருமூளை வாதத்துக்கு மட்டும். மொத்தம் 3 கோடி யென்: முதலில் 60 லட்சம், பிறகு வருடத்துக்கு 12 லட்சமாக 20 தவணை. பணத்தோடு இன்னொன்றும் வரும். இழப்பீடு பெறும் குழந்தையின் பிரசவத்தை நிபுணர் குழு நிமிடம் நிமிடமாக ஆராய்ந்து, காரண அறிக்கையைப் பெற்றோருக்கும் பிரசவம் பார்த்த இடத்துக்கும் அனுப்புகிறது. பல அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்து, திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை மற்ற டாக்டர்களுக்கும் சொல்கிறது. "அன்னைக்கு ராத்திரி என்னதான் நடந்துச்சு?" என்ற கேள்விக்கு, சண்டையில்லாமல் எழுத்தில் வரும் பதில் இது. வழக்குப் போடும் உரிமையும் போவதில்லை.

ஆனால் 20 தவணையோடு பணம் நின்றுவிடும். அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது. நியூசிலாந்தில் நேர் எதிர்: பணம் ஆயுள் முழுக்க வரும், என்ன நடந்தது என்பதற்குப் பெற்றோர் வேறு கதவைத் தட்ட வேண்டும். இன்னொரு அநியாயமும் அங்கே உண்டு. ஒரே மாதிரி சக்கர நாற்காலியில் இருக்கும் இரண்டு குழந்தைகளில், சிகிச்சையால் காயம் பட்ட குழந்தைக்குத் தாராளம், பிறவிக் காரணத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை.

மொத்தமாகவா, வருடா வருடமா?

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி வரும், பெற்றோர் அசட்டையாகக் கடந்துபோவதும் இதைத்தான். மொத்தத் தொகை என்பது குழந்தை எத்தனை வருடம் வாழும் என்ற ஊகத்தின் மேல் கட்டிய கணக்கு. ஊகத்தைவிட அதிகம் வாழ்ந்தால், பெற்றோர் இல்லாத வயதில் பணம் தீர்ந்துவிடும்.

அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று பாருங்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு ஒரு கிண்ணம் குழைத்த உணவு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு கை தாடையைத் தாங்க, மறு கை அரைக் கரண்டி வைக்கும். தொண்டை அசைகிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். இருமல் வந்தால் நிறுத்திவிட்டு, முதுகை நிமிர்த்தி, மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நான்கு முறை. இரவில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு முறை எழ வேண்டும். ஆகப்போகும் செலவில் பெரும்பங்கு இன்னொரு மனிதரின் நேரம். அந்த மனிதரின் கூலி, கடைப் பொருள்களின் விலையேற்றத்தோடு ஒட்டி நகராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து நீதிமன்றம் வருடாந்திரத் தொகையைத் தானே விதிக்கலாம். 2008இல் அந்தத் தொகையைப் பராமரிப்புப் பணியாளர்களின் ஊதிய உயர்வோடு இணைக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு நான் பார்த்ததில் இதுதான் மிக நல்ல பதில். கொடுப்பவர் ஐம்பது வருடம் கழித்தும் இருப்பார் என்ற உறுதி மட்டும் வேண்டும். அரசோ பலமான காப்பீடோ பின்னால் இருந்தால் வருடத் தொகை. தனி டாக்டரும் வரம்பு போட்ட பாலிசியும்தான் என்றால் மொத்தமாக வாங்கி, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் குழந்தையின் பெயரில் போட்டுவைப்பது மேல்.

யார் எங்கே போகலாம்?

தடயங்கள் பலமாக, பாதிப்பு ஆயுள் முழுக்க நீளும் என்றால், வழக்கைத் தொடங்கி இடைக்காலத் தொகையோடு கூடிய சமரசத்துக்கு முயலுங்கள். தடயங்கள் இரண்டுங்கெட்டானாக இருந்து, உங்கள் நாட்டில் நிதியமும் இருந்தால் முதலில் அங்கே போங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் முன்னால், அது வழக்குரிமையைப் பறிக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோள் சிக்கியதில் கை நரம்பு இழுபட்ட குழந்தைகளில் நிறையப் பேர் முதல் சில மாதங்களில் தேறிவிடுவார்கள். அவர்கள் பெற்றோர் எதிலும் அவசரப்பட வேண்டியதில்லை.

காலக்கெடுவில் ஒரு கண்ணி இருக்கிறது. பல நாடுகளில் குழந்தையின் வழக்குக்கான காலம் 18 வயதுவரை ஓடத் தொடங்காது. இதைக் கேட்டுப் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நிதியத்தின் கடிகாரம் வேறு. ஜப்பானில் குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாளோடு கதவு சாத்தப்படும். ஃபுளோரிடாவிலும் ஐந்து வருடம்தான். பெற்றோர் தங்கள் இழப்புக்காகத் தனியே கேட்கும் தொகைக்கும் குழந்தைக்குள்ள சலுகை பெரும்பாலும் கிடையாது.

எந்த வழி என்று முடிவாகும் முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கேஸ் ஷீட், மருந்துப் பதிவு, ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். இதயத்துடிப்புச் சுருளை முழு நீளத்துக்கும் கேளுங்கள். வெட்டி ஒட்டிய நாலு துண்டு போதாது. அது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் காகிதம். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் சில வருடங்களில் கோடுகள் மங்கி வெறும் தாளாகிவிடும். கையில் வாங்கிய அன்றே, நேரம் அச்சிட்ட விளிம்பு தெரியும்படி, ஒவ்வொரு அடியாகப் படமெடுத்துவிடுங்கள்.